கொதித்த தண்ணீரில் ஒரு செம்பு

என்னிடம் இரண்டு காகிதத் துண்டுகள் இருக்கின்றன. ஒன்று ஊசி போட்டதற்கான மஞ்சள் நிறத் துண்டு. அதில் என் பெயரும் வயதும் இருக்கின்றன. அதன் கீழே, "கொலரா, முதலாம் ஊசி, 18.02.1974" என்று நீல மையில் எழுதியிருக்கிறது. இரண்டாம் ஊசிக்கான கட்டம் வெறுமையாக இருக்கிறது. மற்றது ஆஸ்பத்திரித் துண்டு. "அனுமதி 11.03.1974. வாந்திபேதி." கொலராவுக்கு எங்கள் பக்கத்தில் வழங்கும் பெயர் அது. இரண்டையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். முதலாவதைப் பலருக்குக் காட்டியிருக்கிறேன். இரண்டாவதை என் கணவரைத் தவிர எவருக்கும் காட்டியதில்லை.

இதை 1981இல் எழுதுகிறேன். ஆண்டுகளையும் தேதிகளையும் குறித்துவைப்பது என் பழக்கம். மழை பெய்த நாள், லோஞ்சு (பயணிகள் படகு) ஓடாத நாள், கோயில் மணி உடைந்த நாள் எல்லாம் என்னிடம் உண்டு. இந்த நோயைப் பற்றி மட்டும் ஏழு வருடமாக ஒரு வரியும் எழுதவில்லை. கைக்குக் கிடைத்த புத்தகங்களில் காசநோய்க்காரர் எழுதியதை வாசித்திருக்கிறேன், இருதய நோய்க்காரர் எழுதியதை வாசித்திருக்கிறேன். வாந்திபேதியில் கிடந்து எழும்பியவர் எழுதியதை நான் காணவில்லை. அதன் காரணம் எனக்குத் தெரியும். அந்தக் கட்டிலில் கிடந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கும் தெரியும்.

அப்போது நான் நெடுந்தீவில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. கணவர் செபமாலை, சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) மனேச்சர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கீழ்த்திசை நாடுகளில் தொடங்கி, பல வருடங்களாக நாடு நாடாக நகர்ந்த கொலரா எங்கள் கரைக்கும் வந்துவிட்டது என்று பேச்சு அடிபட்டது. பிறகு ஊசி போடுகிறவர்கள் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள்.

ஆண்கள் ஒரு காரணம் சொல்லி மறுத்தார்கள். ஊசி போட்ட கை இரண்டு நாள் வீங்கும், வலை இழுக்க ஏலாது என்றார்கள். பெண்களுக்குக் கையைக் காட்டுவதே சிக்கல். சட்டைக் கையை மேலே சுருட்டி அந்நிய ஆணிடம் புயத்தைக் கொடுக்க அவர்கள் ஒப்பவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (நாங்கள் பி.எச்.ஐ. என்போம்) என்னிடம் உதவி கேட்டார். நான் வகுப்பறையின் குறுக்கே படுக்கை விரிப்பைக் கட்டினேன். திரைக்கு உள்ளே முதல் ஆளாக இருந்து என் கையைக் கொடுத்தேன். பிறகு பத்து நாட்களாக வீடு வீடாகப் போனேன்.

ஊசி போட்டால் நோய் வரவே வராது என்று நான் எவருக்கும் சொல்லவில்லை. "என்னைப் பாருங்கோ" என்றுதான் சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

மார்ச் 11 திங்கட்கிழமை. விடியும்போது வயிறு ஒருமுறை புரண்டது. வலி இல்லை. கோடிப்பக்கம் (வீட்டின் பின்புறம்) போய் வந்தேன். திரும்பவும் போனேன். மூன்றாம் முறை போனபோது வெளியேறியது மலமே அல்ல, அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது. நான் வீடு வீடாகச் சொன்ன அடையாளம் அது. வாசலில் குந்திக்கொண்டு அந்தச் சொற்களை நானே எனக்குச் சொன்னேன். எழும்ப முடியவில்லை.

பிறகு வாந்தி. பிறகு கெண்டைக்கால்களில் பிடிப்பு, யாரோ தசையை முறுக்கிப் பிழிவதுபோல. ஒன்பது மணிக்குள் குரல் போய்விட்டது. கணவரைக் கூப்பிட்டால் காற்றுத்தான் வந்தது. விரல்களைப் பார்த்தேன். நாள் முழுக்கத் துணி தோய்த்தவளின் விரல்கள்போலச் சுருங்கியிருந்தன.

தீவு ஆஸ்பத்திரியில் ஒரு போத்தல் சேலைன் (நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர்) ஏற்றிவிட்டு, இதற்கென்று தனி வாட்டு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். லோஞ்சில் ஏற்ற முடியாது, மற்றப் பயணிகள் இருக்கிறார்கள். சவிரிமுத்து அண்ணை தன் மெசின் வள்ளத்தைத் தந்தார். மூன்று வாரத்துக்கு முன் ஊசிப் பெட்டிகளையும் என்னையும் தீவின் மறுகரைக்கு ஏற்றிப்போன அதே வள்ளம். அன்று நான் நடுப்பலகையில் நிமிர்ந்து இருந்தேன். இன்று அதன் அடியில் பழைய பாய்ச்சீலையில் கிடந்தேன்.

கடலில் நடந்ததை விரித்து எழுத மாட்டேன். உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. கணவர் என் சேலை ஒன்றை இரண்டு கையாலும் விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தார். காற்று அதை விடவில்லை. வள்ளம் ஓட்டுகிறவர் முன்னே பார்க்கவேண்டும். சவிரிமுத்து அண்ணை முகத்தை இடப்பக்கம் திருப்பி, கடலையும் தூரத்துக் கரையையும் பார்த்தே வழி முழுவதும் ஓட்டினார்.

நான் அழுதிருக்கவேண்டும். கண்ணீருக்கும் உடம்பில் தண்ணீர் இருக்கவில்லை.

"ரீச்சர், இந்தக் கடல் எத்தினையைக் கண்டது," என்றார் அவர், திரும்பாமலே. "ஒண்டும் யோசியாதேங்கோ. வள்ளம் கழுவத்தானே கடவுள் தண்ணியைச் சும்மா விட்டிருக்கிறார்."

எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். அது இன்றுவரை என்னைச் சுடுகிறது.

பெரிய ஆஸ்பத்திரியின் தனி வாட்டில் ஒவ்வொரு கட்டிலின் கன்வஸ் துணியிலும் நடுவே ஒரு துவாரம் இருக்கும். அதன் கீழே வாளி. வாளியில் அளவுக் கோடுகள். எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவு உள்ளே ஏற்றவேண்டும் என்பதுதான் வைத்தியம். அதற்காக ஒவ்வொரு நோயாளியின் கணக்கையும் உரத்துச் சொல்வார்கள். அடுத்த கட்டில்காரருக்கும் கேட்கும். என் வாழ்க்கையில் கணக்கு எடுக்கிறவள் நான். அங்கே என்னைக் கணக்கு எடுத்தார்கள்.

இதே கட்டிலில் கிடக்கப்போகிறவருக்கு ஒன்று சொல்லலாம். அந்தத் துவாரம் உங்களை அவமதிக்க வெட்டியது அல்ல. அதை நான் விளங்கிக்கொள்ள இரண்டு நாள் ஆனது. ஒரு தாதி என்னைக் கழுவும்போது நான் முகத்தை மூடினேன். அவர் என் கையை விலக்கி, "மூடினா எனக்குக் கண் குழி தெரியாது பிள்ளை, அதைப் பாக்கத்தானே வேணும்" என்றார். குழி விழுந்த கண்கள் மேலே வருவதுதான் பிழைப்பதற்கு அடையாளமாம்.

மூன்றாம் நாள் குரல் திரும்பியது. டொக்டர் கட்டிலருகே வந்து நின்றார். இளைஞர், களைத்த முகம்.

"ஊசி போட்டனீங்கள்தானே?"

"ஓம் டொக்டர். துண்டு இருக்கு."

"துண்டு கிருமிக்குத் தெரியாது," என்றார். பிறகு குரலைத் தணித்தார். "இந்த ஊசி அரைக் காவல்தான். போட்டவையிலையும் சிலருக்கு வரும். சில மாதத்துக்குத்தான் அதின்ரை பலமும். ஆனபடியால்தான் ஊசியும் போடுங்கோ, தண்ணியையும் கொதிக்கவையுங்கோ எண்டு சொல்லுறது. என்ன தண்ணி குடிச்சனீங்கள்?"

"கொதிக்கவைச்ச தண்ணிதான். நானே ஊருக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சனான்."

"கொதிச்ச பிறகு?"

கட்டிலின் கால்மாட்டில் நின்ற என் கணவர்தான் பதில் சொன்னார்.

"சவரெண்டு இவ குடிக்கமாட்டன் எண்டவ. கெதியா ஆறவும் வேணும். அதாலை ஒரு செம்பு நல்ல தண்ணி விட்டுக் கலந்தனான்."

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அந்த ஒரு செம்பைக் கொதிக்கவைச்சனீங்களோ?"

"அது குடிக்கிற தண்ணிதானே டொக்டர்."

இதைத் தீவு தெரியாதவர்களுக்கு விளக்கவேண்டும். எங்கள் வீட்டுக் கிணறு சவர், உப்புக் கரிக்கும்; குளிக்க, சமைக்கத்தான் உதவும். கொதிக்கவைத்தால் வாயில் இன்னும் மோசமாக இருக்கும். குடிக்க நல்ல தண்ணீர் (சவர் இல்லாத கிணற்று நீர்) தூரத்து வீட்டு வளவு ஒன்றில் இருந்து வரும். அந்தத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து வருவதால் அது அருமையானது. அதைக் கொதிக்கவைத்துப் பாதியை ஆவியாக விட எவருக்கும் மனம் வராது. கெட்டது என்று தோன்றிய சவர்த் தண்ணீரைத்தான் அடுப்பில் வைத்தோம். நான் ஊசிக்காரரோடு திரிந்த நாட்களில் தொடங்கி, நோயில் விழும்வரை, குசினியும் சமையலும் கணவர் பொறுப்பு. அவர் பகலில் கடையில் வெறும் தேத்தண்ணியோடு இருப்பவர். கலந்த தண்ணீர் முழுதும் எனக்கு.

அந்தத் தூரத்து வளவு பாக்கியம் அக்காவுடையது. நாங்கள் கத்தோலிக்கர், கடல்தொழில் குடும்பம். அவர்கள் தோட்டக்காரர், சைவர். அவர்களுடைய கிணற்றுக் கட்டின்மேல் நாங்கள் ஏறுவதில்லை. வேலிக்கு வெளியே குடத்தை வைப்போம், பாக்கியம் அக்கா அள்ளி ஊற்றுவார். அதுதான் வழக்கம். கோடையில் தன் மிளகாய்க் கன்றுக்குக் குறைத்துக்கொண்டும் எங்களுக்கு ஊற்றியவர் அவர். ஒரு சதமும் வாங்கியதில்லை.

"இதை ஊரிலை சொல்லவேணும்," என்றார் டொக்டர்.

கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

வீடு திரும்பியபோது வாசலெங்கும் சுண்ணாம்புத் தூள். குசினியில் கிருமிநாசினி நெடி. கெண்டைக்கால்கள் இரண்டும் என்னுடையவை அல்லாதவைபோல இருந்தன. பாடசாலைக்குப் போகவில்லை. பாதையில் போகிறவர்கள் எங்கள் கல்வேலிக்கு எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போவதை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒதுங்காமல் வந்தவர் பக்கத்து வீட்டுத் திரேசம்மா அக்கா மட்டும்தான். அவருக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவள் அப்போது மாசமாக இருந்தாள். வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"எலும்பும் தோலுமாப் போனியள் ரீச்சர்."

"ஓம் அக்கா."

"முதல் ஊசி உங்களுக்குத்தானே போட்டது. அதுக்குள்ளைதான் வாந்திபேதி வருத்தம் இருந்ததெண்டு கதைக்கினம்."

"ஆர் கதைக்கினம்?"

"நான்தான்," என்றார் திரேசம்மா அக்கா, சிரிக்காமல். "ரெண்டாம் ஊசிக்கு எங்கடை ஒழுங்கையாலை ஒருத்தியும் வரமாட்டாள். சொல்லிப்போட்டன்."

அது வெறும் மிரட்டல் அல்ல. தீவின் மறுபக்கத்தில் ஒருவர் அதற்குள் வாந்திபேதியில் இறந்திருந்தார். திரேசம்மா அக்கா வராவிட்டால் ஒழுங்கை (எங்கள் சிறுதெரு) வராது. அவர்களில் ஒருத்தி அந்தக் கட்டிலில் கிடக்கவேண்டி வந்தால், அதற்குக் காரணம் என் உடம்புதான். "என்னைப் பாருங்கோ" என்றவள் நான்.

இரண்டாம் ஊசி ஏப்ரல் 5 வெள்ளிக்கிழமை என்று அறிவித்தார்கள். தவக்காலம். சிலுவைப்பாதைக்குச் சனம் கோயிலுக்கு வரும், அப்படியே பக்கத்துப் பாடசாலைக்கு அழைத்துவிடலாம் என்பது பி.எச்.ஐ.யின் எண்ணம். எனக்கு அப்போதைக்கு ஊசி வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கையைக் கொடுத்துக் காட்டவும் வழி இல்லை.

முதல்நாள் கணவரிடம் கேட்டேன். "நான் போய் என்னத்தைச் சொல்லுறது?"

"நடந்ததைச் சொல்லும்."

"நீங்கள் கலந்ததெண்டோ? பாக்கியம் அக்கான்ரை தண்ணியெண்டோ?"



மறுநாள் கோயில் முடிந்து சனம் பாடசாலை முற்றத்துக்கு வந்தது. வேம்பின் கீழே நின்றது, உள்ளே வரவில்லை. சைவ ஆட்களும் சிலர் வந்திருந்தார்கள். பின்னால், வெள்ளைச் சேலையில் பாக்கியம் அக்கா நின்றார். எனக்கு ஒரு கதிரை போட்டுத் தந்தார்கள். எழும்பிப் பேச வாயெடுத்தேன். எல்லோரும் என் முகத்தை அல்ல, என் சேலையைப் பார்ப்பதாகத் தோன்றியது. சொற்கள் வரவில்லை.

அப்போது என் கணவர் முன்னே வந்தார். கடையில் கூப்பன் அரிசி முடிந்துவிட்டது என்று சொல்லும் அதே குரல்.

"இவவுக்கு ஊசியாலை வரேல்லை. நான்தான் குடுத்தனான்."

அவர் நிறுத்தவில்லை.

"தண்ணியைக் கொதிக்கவைச்சுப்போட்டு, ஆறுறதுக்குக் கொதிக்காத தண்ணி ஒரு செம்பு விட்டனான். ஒவ்வொரு நாளும்."

"ஆர்? நீங்களோ?" என்றது திரேசம்மா அக்காவின் குரல். "சங்கக்கடை மனேச்சர் குசினியிலையோ நிண்டவர்?"

"ஓம். நிண்டனான்."

"என்ன சமைச்சனீங்கள்?"

"புட்டு."

"அவிஞ்சதோ?"

"அடி பிடிச்சிட்டுது."

சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி முற்றம் முழுதும் போனது. ஆண்கள் அவருடைய பெயரோடு புட்டைச் சேர்த்தார்கள். சில வருடங்களுக்கு அது போகவில்லை. அவர் காது சிவக்க நின்றார். என் வெட்கத்துக்கு முன்னால் தன்னுடையதை எடுத்துப் போட்டவரைப் பார்த்துக்கொண்டு, என்னால் சிரிக்கவும் முடியவில்லை.

சிரிப்பை நிறுத்தியதும் திரேசம்மா அக்காதான். வாயில் கை வைத்தபடி நின்றார்.

"நானும் அப்பிடித்தானே கலக்கிறனான்," என்றார் மெதுவாக.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எவரும் மறுக்கவில்லை. திரேசம்மா அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, "இவளுக்குப் போடலாமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ ரீச்சர். எனக்கு இப்பவே போடுங்கோ" என்று திரைக்குள் போனார். ஒழுங்கை அவர் பின்னால் போனது.

நான் முற்றத்தின் பின்பக்கம் பார்த்தேன். பாக்கியம் அக்கா நின்ற இடத்தில் அவர் இல்லை. கணவர் கிணற்றின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எங்கள் ஒழுங்கைக்கு நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவர் அங்கே எவரும் இல்லை.

ஊசி போடாமல் போய்விட்டார்.

பிற்பகல் வெயிலில் தனியாக அவர் வீட்டுக்கு நடந்தேன். கல்வேலிகளைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். இரண்டு இடத்தில் கால் பிடித்ததால் நிற்கவேண்டி வந்தது. வழக்கமாகக் குடம் வைக்கும் இடத்தில் நின்று கூப்பிட்டேன். பாக்கியம் அக்கா வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை வைத்தார்.

"என்ரை பிள்ளையளும் இந்தத் தண்ணியைத்தான் குடிச்சதுகள்," என்றார். "ஒண்டுக்கும் வரேல்லையே. உமக்கு மட்டும் என்னெண்டு வந்தது?"

"எனக்குத் தெரியாது அக்கா."

"தெரியாமலோ ஊரைக் கூட்டிச் சொன்னனீங்கள்?"

அவர் உள்ளே போய்ப் பேணியில் தண்ணீர் கொண்டுவந்தார். வேலிக்கு மேலால் நீட்டினார். குளிர்ந்த பித்தளை. அன்று அள்ளிய தண்ணீர்.

"குடியும் பாப்பம்."

நடந்த களைப்பில் நாக்கு ஒட்டியிருந்தது. நோயில் இருந்து எழும்பியபின் தாகம் எனக்கு வேறு விதமாக வருகிறது. தொண்டையில் அல்ல, உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில். அந்தப் பேணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடித்தால் காலையில் கை நீட்டிய பெண்களுக்கு நான் துரோகம். குடிக்காவிட்டால் எனக்கு ஆண்டுக்கணக்காகத் தண்ணீர் ஊற்றிய கைக்கு.

"ஏலாது அக்கா," என்றேன். "கொதிக்கவைச்சுத் தாங்கோ. குடிக்கிறன்."

அவர் பேணியை வாங்கி வாழையடியில் ஊற்றினார். போய்விடுவார் என்று நினைத்தேன். படலையைத் திறந்தார்.

"நிக்க ஏலாமல் நடுங்கிறீர். வந்து இரும்."

அந்த வளவுக்குள் அதுதான் முதல் தடவை. குசினி வாசலில் ஒரு பலகையில் இருந்தேன். அவர் அடுப்பை மூட்டி, அந்த அருமைத் தண்ணீரை ஒரு சருவத்தில் வைத்தார். கொதித்தது. இறக்கினார். மூடவில்லை, கலக்கவில்லை. நாங்கள் இருவரும் அது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். பங்குனி வெயிலில் கொதித்த தண்ணீர் ஆற எவ்வளவு நேரம் ஆகும் என்று அதற்கு முன் நான் கவனித்ததில்லை. எல்லோரும் அவசரப்பட்டுச் செம்பைத் தேடுவது அந்த நேரத்தில்தான்.

முழுதும் ஆறுமுன்பே ஊற்றித் தந்தார். நாக்குச் சுட்டது. குடித்தேன்.

"நாளைக்கும் இருப்பினமோ, உந்த ஊசிக்காரர்?" என்று கேட்டார்.

"லோஞ்சு வருமட்டும் இருப்பினம்."

மறுநாள் காலை லோஞ்சுத் துறையில் ஊசிக்கான வரிசையில் அவர் நின்றதைக் கணவர் கண்டார். அதே லோஞ்சில் பி.எச்.ஐ. பாக்கியம் அக்காவின் கிணற்றில் எடுத்த தண்ணீரை ஒரு போத்தலில் மூடிக் கொண்டுபோனார்.

என் உடம்பு பிறகு தேறியது. ஆனால் அது என் சொல்லைக் கேட்கும் என்ற நம்பிக்கை திரும்பி வரவில்லை. சவிரிமுத்து அண்ணையின் வள்ளத்தில் நான் பிறகு ஏறவில்லை. அவரும் என்னை ஏறச் சொல்லிக் கேட்கவில்லை. தெருவில் கண்டால் இப்போதும் கொஞ்சம் இடப்பக்கம் பார்த்துத்தான் பேசுகிறார். நான் தேதி குறிக்கிறவள் என்றாலும் காலத்தை இப்போது வேறு விதமாகவும் அளக்கிறேன். தண்ணீரை இறக்கி வைத்துவிட்டு அது ஆறும்வரை ஒரு வேலையும் செய்யாமல் இருக்கிறேன். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அப்படி இருந்தபோது மனதில் எழுதியது.

அந்தப் போத்தல் தண்ணீரின் சோதனை முடிவு எனக்கு வரவில்லை. இருமுறை எழுதிக் கேட்டேன். அந்த பி.எச்.ஐ. இடம் மாறிப் போய்விட்டார். பாக்கியம் அக்காவின் கிணற்றில் கிருமி இருந்ததா என்பது இதை எழுதும் இன்றுவரை எனக்கு உறுதிப்படவில்லை.